வேலி ஓணானும் டியூப் லைட்டும்

கிருஷ்ணகிரி,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மாங்காய் இறக்க ஆள் கிடைக்காமல் மண்டிக்கும் தோப்புக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் மகள் பியர்டட் டிராகன் என்கிற தாடி ஓணானை வாங்கியிருக்கிறாள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு ஒடக்கான் பிடித்த பயல் நீ. இப்போது வேலியில் போகிற ஓணானைக் காசு கொடுத்து வாங்கி வேட்டிக்குள் விட்டுக்கொண்டிருக்கிறாய்!

அதற்கு எந்த யுவிபி பல்பு, அதாவது வெயிலில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைக் கொடுக்கிற பல்பு, நல்லது என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் நீ எனக்குச் சொல்ல வேண்டியது இரண்டு: அது வெயில் காய்கிற கல்லுக்கும் விளக்குக்கும் எவ்வளவு தூரம்? நடுவில் என்ன இருக்கிறது?

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் பையன் வளர்த்ததற்குக் கடைக்காரர் சொன்ன 'காயில்' என்கிற சுருள் பல்பைத்தான் மாட்டினோம். பெட்டிக்குக் கண்ணாடி மூடி. உள்ளே பளிச்சென்று வெளிச்சம், தினமும் கால்சியம் பொடி. ஆனாலும் ஒருநாள் சாயங்காலம் வாயில் கவ்விய பூச்சி நழுவி விழுந்தது. மறுபடி கவ்வியது, மறுபடி விழுந்தது. தாடையைத் தொட்டேன், ரப்பர் மாதிரி அமுங்கியது. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "மூடி கண்ணாடியா?" என்பதுதான். யுவிபி தோலில் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகும். அது இல்லாமல் தின்ற கால்சியம் ஒட்டாது, உடம்பு எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். கண்ணாடியோ யுவிபியை அப்படியே தடுத்துவிடும். பிழைத்துக்கொண்டது, ஆனால் கோணிய தாடை கோணியதுதான்.

அப்புறம்தான் புற ஊதாக் கதிரை அளக்கிற யுவி மீட்டர் ஒன்று வாங்கினேன். சித்திரை மத்தியானம் மொட்டைமாடியில் பிடித்தால் யுவி இண்டெக்ஸ் 11-க்கு மேல் காட்டியது. அதே வெயிலை ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே நின்று பிடித்தேன், சுழி! நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெயில்தான்.

ஆகவே காயில் பல்பு வேண்டாம், அது ஒரே இடத்தில்தான் அடிக்கும். டி5 எச்ஓ என்கிற, மெல்லிசான ஆனால் வீரியமான டியூப், யுவிபி 12 சதவீதம் என்று போட்டது, ரிஃப்ளெக்டரோடு வாங்கு. நீளம் பெட்டியில் பாதிக்குக் குறையக் கூடாது. நடுவில் வலை இல்லையென்றால் அதன் முதுகுக்கு மேலே ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை அடி; கம்பி வலை இருந்தால் ஒரு அடி, ஏனென்றால் மூன்றில் ஒரு பங்கை வலையே தின்றுவிடும். சூட்டு பல்பும் டியூபும் ஒரே பக்கம் இருக்கட்டும், மறுபக்கம் நிழல். வீட்டுக்கு மாட்டுகிற சாதாரண எல்இடியில் யுவிபி கிடையாது. மாட்டிய தேதியை டியூபிலேயே மார்க்கரால் எழுதி, வருஷத்துக்கு ஒன்று மாற்று. "நல்லாத்தானே எரியுது" என்று உன் வீட்டில் சொல்வார்கள். எரியும், யுவிபி மட்டும் தேய்ந்துபோயிருக்கும்.

ஒகேனக்கல் முதலைப் பண்ணையில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறதே, அதற்கு யார் டியூப் மாட்டினார்கள்? வெயிலே போதும். உங்கள் ஓசூர்க் குளிரிலும் மூடாக்கிலும் எல்லா நாளும் அது நடக்காது. வெயில் அடிக்கிற காலையில் கம்பிக் கூண்டில் வைத்து மாடிக்குக் கொண்டுபோ, பாதிக்குச் சாக்குப் போட்டு மூடு, பக்கத்திலேயே இரு. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்துவிடாதே, வெந்துவிடும்.

நட்சத்திர ஆமை தருவதாக யாரோ சொன்னார்கள் என்று எழுதியிருந்தாயே, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடு. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நேராக உள்ளேதான்.

அடுத்த வாரம் ஒரு கூடை செந்தூரா கொண்டுவருகிறேன், மீட்டரும் வரும். கல்லின் மேல் 3, 4 காட்டினால் போதும். அதுவரை டேப் வைத்துத் தூரத்தை அளந்து எழுது. கடைக்கு அப்புறம் போகலாம்.

உன்,
மாங்காய்க்காரன்