புல்தரையில் வெறுமனே உட்காராதே

எய்யா,

பேசி அனுப்பினால் அப்பா காதில் விழும். அதனால்தான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் கொடைத் திருவிழாக் கணக்கு முடிக்கக் கோயிலுக்குப் போயிருக்கிறார், வர எட்டு மணி ஆகும். நீளமாக இருக்கிறதே என்று பாதியில் விட்டுவிடாதே, கடைசி வரை படி.

இங்கே எல்லோரும் சுகம். சாரல் நன்றாக இருக்கிறது, குற்றாலம் போகிற வண்டிகளால் ரோட்டைக் கடக்க முடியவில்லை. காற்றில் முருங்கை சாய்ந்துவிட்டது. புளியரை சித்திக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது, உன்னைக் கேட்டாள். வேறு விசேஷம் இல்லை.

நேற்று உன் அக்கா வந்திருந்தாள். நீ அவளுக்கு அனுப்பிய போட்டோக்களைக் காட்டினாள். எனக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்க மாட்டேன், சின்ன வயதிலிருந்தே நீ எதுவானாலும் அவளிடம்தான் முதலில் சொல்வாய். நீ உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பெயர் பிரையண்ட் பார்க் என்றாள். எனக்குக் கொடைக்கானல்தான் ஞாபகம் வந்தது. ஏழாம் வகுப்பில் டூர் போனபோது அதே பெயருள்ள பார்க்கில் ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாயே, அந்தப் படம் இன்னும் பீரோவில் இருக்கிறது. அது வேறு ஆச்சி, இது வேறு என்று உன் அக்கா மகள் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். கொடைக்கானலில் இருப்பது ஒரு வனத்துறை அதிகாரியின் பெயராம். நியூயார்க்கில் இருப்பது ஒரு கவிஞரின் பெயராம், 1884இல் வைத்தார்களாம். பெரிய நூலகத்தின் பின்பக்கம் இருக்கிறதாம், நீ உட்கார்ந்திருக்கிற புல்லுக்கு அடியிலேயே அந்த நூலகத்துப் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறார்களாம். கோடைக்காலத்தில் திங்கட்கிழமைகளில் அங்கே சினிமா போடுகிறார்கள், டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். நாற்காலி கொண்டுபோகக் கூடாது, பிளாஸ்டிக் விரிப்பும் கூடாது, துணி விரித்துத்தான் உட்கார வேண்டும். அவள் இதையெல்லாம் வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்றுதான் மனதில் ஓடியது. பிளாஸ்டிக் விரிக்காவிட்டால் புல்லின் ஈரம் நேராக உடம்பில் ஏறும். நான் கொடுத்துவிட்ட நீலக் கட்டப் போர்வையைத்தான் விரித்திருக்கிறாய், பார்த்தேன். ஒற்றையாக விரிக்காதே, நான்காக மடித்துப் போடு. உனக்கு மூச்சு இளைப்பு இருந்தது மறந்துவிட்டதா?

காசு வாங்காமல் ஒரு ஊரையே உட்கார வைத்துப் படம் காட்டுவது நல்ல காரியம்தான். அவ்வளவு பெரிய பணக்கார ஊரிலும் அப்படி நடக்கிறது என்று கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முன்பு பல வருஷம் எச்பிஓ டிவிக்காரர்கள் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டார்களாம். நம் கொடையில் உபயம் செய்கிறவர்கள் மாதிரி. இங்கே மைக்கில் பெயரைச் சொல்வார்கள், அங்கே எப்படியோ. இந்த வருஷக் கொடையிலும் உன் பெயரைச் சொன்னார்கள். அமெரிக்காவிலிருந்து அன்னதான உபயம் என்று மூன்று தடவை சொன்னார்கள், அப்பா கடைசித் தடவை வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்து நின்றார். அந்தப் பாக்கியை நான் சீட்டுப் பணத்தில் கட்டிவிட்டேன், நீ அதைப் பற்றி யோசிக்காதே.

புல்வெளியைச் சாயங்காலம் 5 மணிக்குத் திறந்துவிடுவார்களாம். திறந்ததும் ஆட்கள் ஓடிப்போய் இடம் பிடிப்பார்களாம். படம் போட 8 மணி ஆகுமாம். நீ திரைக்கு நேர் எதிரே நடுவில் உட்கார்ந்திருக்கிறாய். நல்ல இடம் பிடித்திருக்கிறாய். முகத்தில் வெயில் அடிக்கிறது.

அந்த வெயிலைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

போன வருஷம் வரை திங்கட்கிழமை என்றால் நீ போனையே எடுக்க மாட்டாய். ஒன்று மாற்றி ஒன்று மீட்டிங், சாப்பிடவே ஒன்பது ஆகிறது என்பாய். இப்போது முதல் போட்டோ வந்தது வைகாசி முடிகிற சமயம். அதிலிருந்து ஐந்து திங்கட்கிழமை போய்விட்டது, ஐந்திலும் நீ வெயில் இறங்குமுன் அங்கே இருக்கிறாய். இப்போது வியாழக்கிழமையும் சேர்ந்துகொண்டது, புரூக்ளின் பாலத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கரையில் ஒரு பார்க், திரைக்குப் பின்னால் மன்ஹாட்டன் கட்டடங்கள் விளக்குப் போட்டு நிற்கின்றன. அழகாகத்தான் இருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆபீசில் வேலை குறைந்திருக்கலாம், சீக்கிரம் விடுகிறார்களாக இருக்கும். வெளிக்காற்று உடம்புக்கு நல்லது. ஆனால் பையில் ஒரு ரொட்டி மட்டும்தான் தெரிந்தது எய்யா, வேறு எதுவும் எடுத்துப் போகவில்லையா? தயிர்ச் சாதமாவது கிளறி ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போ. ராத்திரி பத்து மணி வரை ரொட்டி தாங்காது.

டிவியில் அமெரிக்காவைப் பற்றி ஏதேதோ சொல்கிறார்கள். வேலை போனால் அந்த விசாவில் இருக்கிறவர்களுக்கு 60 நாள்தான் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அப்பா திரும்பப் போட்டார், நான் வந்து திரும்ப அணைத்தேன். அவருக்கு எதுவும் புரியவில்லை, கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து காலண்டரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஐந்தாம் தேதி பணம் வந்துவிட்டது, எப்போதும் போல முழுசாக. அடுத்த மாதம் அனுப்ப வேண்டாம். மாடிக்குக் கம்பி எடுக்கக் கிளம்பியவரை நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன், சாரல் நேரத்தில் தளம் போட வேண்டாம், தை பிறக்கட்டும் என்று. பேங்கில் வைத்திருந்த வளையல் இரண்டையும் மீட்டாயிற்று, பீரோவில்தான் இருக்கிறது. எனக்கு இந்த வயதில் வளையல் எதற்கு? இதைச் சும்மா செய்தியாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

போன வாரம் ஆரியங்காவுக்குச் சாமி கும்பிடப் போனேன். கோட்டைவாசல் டீக்கடைச் சேட்டன், மோன் சுகமல்லே என்று கேட்டார். நியூயார்க்கில் இருக்கிறான் என்று சொல்லும்போது எனக்கு எப்போதும் குரல் கொஞ்சம் உயரும், அன்றைக்கும் உயர்ந்தது. நம் வகையறாவில் முதல் ஆளாகக் கடல் தாண்டியவன் நீ. பள்ளிக்கூடத்து விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்துப் போனவன். அங்கே என்ன நடந்தாலும் அது இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் சாப்பிட்டேன், தூங்கினேன், வைக்கட்டுமா என்று மூன்றே பேச்சில் முடித்துவிடுகிறாயே. நீ வைத்த பிறகும் அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருக்கிறார். பெற்றவர்களிடம் இத்தனை அளந்து பேசுகிற பிள்ளையாக நான் உன்னை வளர்க்கவில்லை.

வளர்க்கவில்லை என்று எழுதிவிட்டேன். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அது உண்மை இல்லை எய்யா.

அந்தத் திரையைப் பார்த்ததிலிருந்து எனக்கு 1994 கொடை ஞாபகமாகவே இருக்கிறது. உனக்கு ஆறு வயது. நாங்களும் மத்தியானமே பாயைக் கொண்டுபோய் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு வருவோம். இரண்டு கமுகந்தடி நட்டு, வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த திரையைக் கட்டுவார்கள். புனலூரிலிருந்து 16 எம்எம் மெஷின் ஜீப்பில் வரும். ஒரு சுருள் ஓடி முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள், அந்த நேரத்தில்தான் கடலைக்காரருக்கு வியாபாரம். எஸ்டேட்டிலிருந்து ஆட்கள் இறங்கி வருவார்கள் என்று ஒரு படம் தமிழ், ஒரு படம் மலையாளம். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்னால் உட்கார்வார்கள். அங்கே எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும், எம்ஜிஆர் இடது கையில் வாள் பிடிப்பார். உனக்கு அதுதான் பிடிக்கும், வேண்டுமென்றே பின்னால் ஓடுவாய்.

அதனால்தான் நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள்.

இரண்டாவது படம் தொடங்கும்போது நீ தூக்கம் வருகிறது, வீட்டுக்குப் போவோம் என்று அழுதாய். எனக்குப் போக மனசில்லை. வருஷத்துக்கு ஒரு ராத்திரிதான் நான் அடுப்பும் இல்லாமல், உன் ஆச்சியின் குரலும் இல்லாமல் காலை நீட்டி உட்காருவேன். நான்தான் உன்னைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சாக்கை விரித்துப் படுக்க வைத்தேன். இங்கேயே இரு, படம் முடிந்ததும் வந்து தூக்கிக்கொள்கிறேன், எழுந்து எங்கேயும் போகக் கூடாது என்றேன். விடிகாலை மூன்று மணி இருக்கும், படம் முடியவும் சாரல் வலுத்துப் பெய்யவும் சரியாக இருந்தது. எல்லோரும் பாயைச் சுருட்டித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினோம். நானும் ஓடினேன், பேசிச் சிரித்துக்கொண்டே ஓடினேன். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டி, பாயைப் போட்டுப் படுத்தும் விட்டேன். அப்பா முழித்துப் பையன் எங்கே என்று கேட்ட பிறகுதான் எனக்கு உன் ஞாபகமே வந்தது.

சொன்ன பேச்சைக் கேட்காமல் எங்கேயோ ஓடிவிட்டான் என்றேன். அந்த நிமிஷத்தில் வாயில் அதுதான் வந்தது.

அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். திரையை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்களாம், கமுகந்தடி இரண்டும் மட்டும் நின்றதாம். நீ அந்தச் சாக்கிலேயே நனைந்துபோய் உட்கார்ந்திருந்தாயாம். நான் இருக்கச் சொன்ன இடத்திலேயே. தூக்கிக்கொண்டு வந்து, வாசலில் இறக்கி, விளாறால் நாலு வைத்தார். அடி விழும்போது நீ என்னைத்தான் பார்த்தாய். அம்மாதான் படுக்க வைத்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாள் இளைப்பு வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய், பக்கத்திலேயே இருந்தேன், அப்போதும் சொல்லவில்லை. கொடையில் காணாமல் போன பையன் என்று இன்றைக்கும் விசேஷ வீடுகளில் உன்னைக் காட்டிச் சொல்கிறார்கள். நீ சிரிப்பாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அந்த ராத்திரிதான் நீ வாயை மூடிக்கொண்டு அடி வாங்கப் படித்தாய். யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது, வீட்டில் யார் மனசும் நோகக் கூடாது என்று. படிக்க வைத்தது நான்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்பாவிடம் இன்றைக்குச் சொல்லிவிடப் போகிறேன், கோயிலிலிருந்து வந்து கை கால் கழுவட்டும். அதற்கு முன்னால் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். நீ செய்யாத தப்புக்கு வாங்கிய அடி அது. இனிமேல் அந்தக் கதையை யாரும் என் முன்னால் அப்படிச் சொல்ல முடியாது.

உன் ரூமில் அரிசி மூட்டை அடுக்கியிருந்தோம், எடுத்துவிட்டேன். எப்போது வந்தாலும் கட்டில் இருக்கிறது. மெட்ராஸில் இறங்கிக் கொல்லம் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும் முன் செங்கோட்டை. எந்த மாதம், எத்தனை நாளைக்கு என்று இங்கே யாரும் கேட்கப் போவதில்லை.

அப்புறம் ஒன்று. நீ 5 மணிக்கு இடம் பிடித்தால் படம் தொடங்கும் வரை மூன்று மணி நேரம் சும்மாதானே இருப்பாய். உனக்கு 5 மணி என்றால் இங்கே ராத்திரி இரண்டரை. நான் அந்த நேரத்தில் தூங்குவதில்லை, கொஞ்ச நாளாகவே தூக்கம் இல்லை. ஐந்தரைக்குப் பால்காரர் வருவார், அதுவரை போன் என் தலைமாட்டில்தான் இருக்கும். அப்பா மாத்திரை போட்டுத் தூங்குவார், எழ மாட்டார். திங்கட்கிழமை கூப்பிடு. பேச ஒன்றும் இல்லை என்றால் போனை அப்படியே போர்வையில் வைத்துவிடு. பக்கத்தில் ஆட்கள் பேசுகிற சத்தம் எனக்குக் கேட்டால் போதும்.

போர்வையை நான்காக மடித்துப் போடு.

அம்மா