படத்தில் பார்த்த பார்ட்டைத் தேடி வரும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சினிமாவில் வந்த கருவிகளை அச்சு அசலாகச் செய்து பார்க்கும் தம்பி தங்கைகள் இப்போதெல்லாம் டவுன் ஹால் ரோட்டுக் கடைகளில் ஏறி இறங்குகிறார்கள். எலெக்ட்ரானிக்ஸ் பார்ட் விற்கும் நம் கடைக்கும் வருகிறார்கள். போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, "அண்ணே, இந்தப் பார்ட் இருக்கா?" என்பார்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு பார்ட்டுக்கு இவ்வளவு விலை வித்தியாசம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். அதற்குத்தான் இந்த மடல்.

முதலில், அது எந்தச் சாமானிலிருந்து கழற்றியது என்று யோசியுங்கள். 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் நாயகன் லூக் பிடித்திருக்கும் ஒளிவாளின் கைப்பிடி, கிராஃப்லெக்ஸ் என்ற அமெரிக்க கேமரா ஃபிளாஷின் பேட்டரிக் குழாய். அதில் வரிசையாக மின்னும் குமிழ்கள் கால்குலேட்டரிலிருந்து வந்தவை. அன்றைய சிவப்பு எல்இடி எண்கள் மிகப் பொடிசு. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிய, எண்ணுக்கு ஒரு குமிழாக லென்ஸ் பட்டை வைத்தார்கள். ஆகவே, அந்தப் பட்டையை எல்இடி என்று தேடினால் கிடைக்காது. பழைய கால்குலேட்டரைத்தான் தேட வேண்டும்.

அடுத்தது அளவு. படத்தில் எங்காவது ஒரு பழைய ஐசி (சில்லு அடைத்த சின்னப் பெட்டி) தெரிகிறதா பாருங்கள். இரண்டு பக்கமும் கால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வகையில், அடுத்தடுத்த இரு கால்களுக்கு நடுவே 2.54 மி.மீ. அதை வைத்துப் பக்கத்தில் இருக்கும் ரெசிஸ்டரின் (கரண்டை மட்டுப்படுத்தும் பார்ட்) நீளம், குமிழின் விட்டம் எல்லாம் கணக்குப் போட்டுவிடலாம். சாய்வாக எடுத்த படம் என்றால் கணக்கு தப்பும். நேராகத் தெரியும் காட்சியைப் பிடியுங்கள்.

ஐசியின் முதுகில் 7623 என்று இருந்தால் 1976ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆனால் 7432 என்று பார்த்ததும் 1974 என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது ஆர் கேட் என்ற ஒரு வகை லாஜிக் ஐசியின் பெயரும்கூட. தயாரித்த வாரம் பெரும்பாலும் இன்னொரு வரியில் இருக்கும். இரண்டையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எண் அழிந்துபோனால் உடம்பைப் பாருங்கள். பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர் நேரான உருளை. பிறகு வந்த ஃபிலிம் வகைக்கு இரண்டு முனையும் கொஞ்சம் உப்பியிருக்கும். ஓசி71 போன்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கருப்புப் பெயிண்ட் அடித்த சின்னக் கண்ணாடிக் குழாய். அழகுக்காக அந்தப் பெயிண்டைச் சுரண்டாதீர்கள், வெளிச்சம் பட்டால் அதன் வேலை மாறிவிடும். தங்க நிற அலுமினிய உடம்பு வைத்த டேல் கம்பெனி ரெசிஸ்டரில் விஷே என்ற இன்னொரு கம்பெனியின் பெயரும் சேர்ந்திருந்தால், 1984இல் வந்த கோஸ்ட்பஸ்டர்ஸ் படக் காலத்துச் சரக்கு இல்லை. விஷே அந்தக் கம்பெனிக்குள் வந்தது 1985இல்தான். எழுபதுகளின் கருவியில் பளிச்சென்ற நீல எல்இடி வைப்பதும் அப்படித்தான், அது தொண்ணூறுகளில் வந்தது.

சரி, விலைக்கு வருவோம். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அசல் பார்ட் வேறு, அதே காலத்துச் சரக்கு வேறு, உருவம் மட்டும் ஒத்தது வேறு; விலை வித்தியாசமும் அதனால்தான். இனி ஒவ்வொரு பொட்டலத்திலும் 'அசல்', 'அதே காலம்', 'உருவம் மட்டும்' என்று எழுதித் தருகிறோம். தூரத்தில் நின்று பார்க்கும் ப்ராப் (சினிமாக் கருவியின் நகல்) என்றால் மூன்றாவதே தாராளம். காசை வீணாக்க வேண்டாம். நன்றாக வேலை செய்யும் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரையும் எண்கள் ஒளிரும் நிக்சி குழாயையும் வெட்டி ஒட்டுவதற்கு விற்க மாட்டோம். பழைய ரேடியோவை உயிரோடு வைத்திருக்கும் பெரியவர்கள் அதற்காகவே ஊர் ஊராக அலைகிறார்கள். செத்துப்போன குழாய்கள் தனி டப்பாவில் இருக்கின்றன, உங்களுக்கு அதுவே போதும்.

காயலான் கடையில் வாங்கிய வால்வு ஆம்ப்ளிஃபையரையோ பழைய டிவியையோ நீங்களாகப் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரிலும் பிக்சர் டியூபிலும் கரண்ட் தேங்கி நிற்கும். கடைக்குக் கொண்டுவாருங்கள், டிஸ்சார்ஜ் செய்து தருகிறோம், காசு வேண்டாம்.

வாட்ஸாப்பில் படம் அனுப்பும்போது படத்தின் பெயரையும் காட்சி வரும் நிமிடத்தையும் சேர்த்து எழுதுங்கள். கையில் பார்ட் இருந்தால் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, எழுத்துள்ள பக்கம் ஒன்று, கால்கள் தெரியும் பக்கம் ஒன்று எடுத்து அனுப்புங்கள். நேரில் வருபவர்கள் மதியத்துக்கு மேல் வந்தால் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம்.

அன்புடன்,
கடையினர்
டவுன் ஹால் ரோடு, மதுரை