வண்ண மீன் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஓராண்டில் நம் சங்கம் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் தங்கள் முதல் தொட்டியை இப்போதுதான் வைத்திருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துச் சில இடங்களில் விரிவாகவே எழுதியிருக்கிறேன், மூத்த உறுப்பினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆண்டின் முக்கியமான வேலை என்று நான் நினைப்பது நோய்க் குறிப்பேடு. யார் வீட்டில் மீன் நோய்ப்பட்டாலும், செத்தாலும், அதை ஒரே நோட்டில் எழுதுவது என்று போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். என்ன மீன், எத்தனை லிட்டர் தொட்டி, கடைசியாகத் தண்ணீர் மாற்றியது எப்போது, புது மீன் விட்டது எப்போது, என்ன மருந்து போட்டது, என்ன ஆனது என்றெல்லாம் கட்டம் போட்டு ஆரம்பித்தோம். அதில் தண்ணீர்ச் சோதனை அளவுக்கு நான் இடமே விடவில்லை. அது என் தவறு. ஆரம்பப் பக்கங்களில் மருந்துப் பெயர்களாகவே நிறைந்திருக்கின்றன, மீன்கள் ஏன் செத்தன என்று இன்று அவற்றைப் படித்தால் தெரியவில்லை. பிறகு அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு), வெப்பநிலை ஆகிய ஐந்துக்கும் கட்டம் சேர்த்தோம். அப்புறம்தான் நோட்டு பேச ஆரம்பித்தது.

"மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது", "துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறது", "சாப்பாட்டைத் தொடவில்லை". இப்படி வந்த பதிவுகளில் பெரும்பாலானவற்றில் நோய் என்று எதுவும் இல்லை. தண்ணீரில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ ஏறியிருந்தது. மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அம்மோனியாவாகின்றன. வடிகட்டியில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் நஞ்சு, மூன்றாவது ஓரளவு தாங்கக்கூடியது, தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் நிலைகொள்ள நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் வாரமே தொட்டி நிறைய மீன் விட்டவர்களின் வருத்தம்தான் நோட்டில் அதிகப் பக்கங்களைப் பிடித்திருக்கிறது.

ஒரே அம்மோனியா அளவு ஒருவர் தொட்டியில் ஒன்றும் செய்யவில்லை, இன்னொருவர் தொட்டியில் மீன்கள் மிதந்தன. சோதனைப் பெட்டி கெட்டுப்போய்விட்டதோ என்று கூட்டத்தில் சந்தேகப்பட்டோம். காரணம் பி.எச். அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவங்களில் இருக்கிறது, செவுளைத் தாக்குவது அதில் ஒன்றுதான். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 இருக்கும்போது அந்த நச்சு உருவம் மொத்தத்தில் ஏறக்குறைய அரை சதவீதம். பி.எச். 8 ஆனால் ஐந்து சதவீதத்தை எட்டிவிடும். அதாவது பத்து மடங்கு. அதனால் அம்மோனியா அளவை மட்டும் சொல்லி "இது ஆபத்தா?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. பி.எச்.சையும் வெப்பத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கிறது, செவுள் பழுப்பாகத் தெரியும். தண்ணீர் மாற்றுவதோடு லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக உப்புப் போட்டாலே நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவது மட்டுப்படும். இதை இந்த ஆண்டு பல உறுப்பினர்கள் செய்து மீன்களைக் காப்பாற்றினார்கள். எனக்கு மிகுந்த நிறைவு தந்த பதிவுகள் அவை.

இன்னொரு காரணமும் திரும்பத் திரும்ப வந்தது. வடிகட்டியின் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவுவது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் வளர்த்த பாக்டீரியாவெல்லாம் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே மெதுவாகப் பிழிந்து போட வேண்டும். குளோரின் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும், குளோரமைன் போகாது. உங்கள் குழாயில் எது வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, உண்மையான நோய்களுக்கு வருகிறேன். இந்த ஆண்டும் வெண்புள்ளி நோயே முதலிடம். இதை உண்டாக்கும் ஒட்டுண்ணிக்கு 1876-இல் ஃபூக்கே என்ற ஆய்வாளர் சூட்டிய அறிவியல் பெயர் இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலியிஸ். பல பிள்ளைகளைப் பெற்ற மீன் பேன் என்று பொருள். அந்தப் பெயரை நினைவில் வைத்தாலே சிகிச்சை புரிந்துவிடும். மீன் மேல் உப்புத் தூவியதுபோல் தெரிகிற புள்ளி, தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் நிலை, அங்கே மருந்து எட்டாது. தின்று முடித்ததும் அது உதிர்ந்து, கண்ணாடியிலோ கூழாங்கல்லிலோ ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பிரிகிறது. வெளிவரும் குஞ்சுகள் இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். நீந்தித் திரியும் அந்த இடைவெளியில்தான் மருந்து வேலை செய்யும்.

புள்ளி மறைந்ததும் "குணமாகிவிட்டது" என்று மருந்தை நிறுத்தியவர்களுக்கெல்லாம் சில நாளில் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது ஏன் என்று இப்போது விளங்கும். புள்ளி மறைவது அது உதிர்ந்து பெருகப் போயிருப்பதன் அடையாளம். 25 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும், 10 டிகிரிக் குளிரில் ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும். அதனால்தான் வெப்பத்தை மெதுவாக 30 டிகிரி வரை ஏற்றுகிறோம். சுற்று வேகமாகும், அந்த வெப்பத்தில் ஒட்டுண்ணி பெருகுவதும் பெரும்பாலும் தடைப்படும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது தொடர வேண்டும். வெப்பம் ஏறினால் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் 7.5 தான். ஏர் பம்பைக் கூட்டி வைக்காமல் ஹீட்டரை மட்டும் ஏற்றாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வாயோரம் வெள்ளையாகப் படர்வது, முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறுவது ஆகிய இரண்டையும் பூஞ்சை என்று நினைத்து வெப்பத்தை ஏற்றிய தொட்டிகளில் மீன்கள் ஓரிரு நாளிலேயே போய்விட்டன. அது பூஞ்சை இல்லை, காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். வெப்பம் ஏறஏற அது வெறிகொள்ளும். உண்மையான பூஞ்சை பஞ்சுபோல் இழை இழையாக நீட்டிக்கொண்டு, பெரும்பாலும் பழைய காயத்தின் மேல் வரும். சந்தேகம் இருந்தால் வெப்பத்தைத் தொடாமல், மீனைத் தனியே எடுத்து, நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புங்கள். இரவு எந்த நேரமானாலும் பார்க்கிறோம்.

மருந்து அளவு பற்றி ஒரு கூட்டம் முழுவதையும் செலவிட்டோம், அது வீண்போகவில்லை. 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 36 உயரம் உள்ள தொட்டி, பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 64.8 லிட்டர். ஆனால் மேலே 3 சென்டிமீட்டர் குறைத்து நிரப்பி, கீழே 5 சென்டிமீட்டர் கூழாங்கல் போட்டிருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் 50 லிட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 65 லிட்டருக்கு மருந்து போட்டால் ஏறக்குறைய கால் பங்கு கூடுதல். வெண்புள்ளிக்குப் போடும் மலக்கைட் கிரீன் போன்ற மருந்தில் இது சிறிய பிழை இல்லை. செதில் இல்லாத, அல்லது மிகச் சிறிய செதிலே உள்ள லோச், கெளுத்தி வகைகளுக்கு அதைப் பாதி அளவிலிருந்து தொடங்க வேண்டும். கையுறை போடாமல் தொடவும் கூடாது. தாமிரம் கலந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிட்டுத்தான் மருந்து போட வேண்டும், இல்லாவிட்டால் கரி மருந்தை உறிஞ்சிவிடும்.

எல்லாவற்றையும் தீர்க்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். செதில்கள் சிலிர்த்து வயிறு ஊதிப்போன மீன்களில் மிகச் சிலவே பிழைத்தன. அந்த நிலை உள்ளுறுப்பு, குறிப்பாகச் சிறுநீரகம், செயலிழந்ததன் அடையாளம், அதற்கென்று தனி மருந்து கிடையாது. நியான் டெட்ராவின் நிறம் திட்டுத் திட்டாக வெளிறும் நோய்க்கும், குட்டை கௌராமியைத் தாக்கும் வைரஸுக்கும் சிகிச்சை இல்லை. அத்தகைய தொட்டிகளில் ஆண்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிப் போட வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகளைத்தான் வளர்க்கிறோம், வடிகட்டிப் பாக்டீரியாவும் பாதிக்கப்படலாம். மீன் காசநோய் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கிருமி நம் கைக் காயம் வழியாக நமக்கும் வரும், ஆறாத முடிச்சாக மாதக்கணக்கில் நிற்கும். கையில் வெட்டு இருக்கும்போது தொட்டிக்குள் கைவிடாதீர்கள். அப்படி ஆறாத புண் வந்தால் மருத்துவரிடம் மீன் வளர்ப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி தனிமைத் தொட்டி, அதாவது புது மீன்களைச் சில வாரம் தனியே வைத்துப் பார்க்கும் தொட்டி. என் வீட்டில் ஐந்து வருடமாக இருந்த ஏஞ்சல் மீன் ஜோடி இந்த ஆண்டு இறந்துபோனது. புதிதாக வாங்கிய சில டெட்ராக்களை அன்று மாலையே அதே தொட்டியில் விட்டேன். பார்க்க நன்றாக இருந்தன. ஐந்தாம் நாள் ஏஞ்சல்களின் துடுப்பில் புள்ளி, செவுள் வேகமாக அடித்துக்கொண்டது. செவுளுக்குள் ஏறிவிட்டால் வெளியே தெரியும் புள்ளிகளை வைத்து நோயைக் கணக்கிட முடியாது. மற்றவர்களுக்கு நான்கு வாரம் தனியே வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். நோட்டில் அதை நானே எழுதினேன். புது மீன் விட்ட இரண்டு வாரத்துக்குள் நோய் என்று வந்த பதிவுகளோடு அதுவும் சேர்ந்தது.

அதனால்தான் சங்கத்தின் செலவில் தனிமைத் தொட்டிகள் வாங்கி உறுப்பினர்களுக்கு இரவல் கொடுக்க ஆரம்பித்தோம். ஒவ்வொன்றோடும் ஸ்பாஞ்ச் வடிகட்டி, ஹீட்டர், தனி வலை, தனிக் குழாய் இருக்கின்றன. ஸ்பாஞ்சை உங்கள் நல்ல தொட்டியில் சில வாரம் முன்பே போட்டுவைத்தால் பாக்டீரியா ஏறியிருக்கும். வாங்கியவர்கள் திருப்பித் தரும்போது வலையையும் குழாயையும் கழுவி, முழுதாக உலர்த்தித் தர வேண்டும். ஈரத்தோடு வந்தால் நோயும் கூடவே வரும். சிலர் இன்னும் திருப்பித் தரவில்லை, காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கிறது, தயவுசெய்து கொண்டுவந்து கொடுங்கள்.

வளர்க்க முடியாமல் போன மீன்களைக் குளத்திலோ ஆற்றிலோ யாரும் விட வேண்டாம். தொட்டியிலிருந்து விடப்பட்ட சக்கர் மீன் பல நாடுகளின் நீர்நிலைகளில் பெருகி அங்குள்ள மீன்களை நெருக்குகிறது, நோயும் கூடப் போகும். சங்கத்திடம் சொன்னால் வேறு வீடு தேடித் தருகிறோம். பிழைக்க வழியில்லாமல் துடிக்கும் மீனைக் கிராம்பு எண்ணெயால் வலியில்லாமல் அனுப்பிவைக்கும் முறையைத் தெரிந்துகொள்ள விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வரலாம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் கோரிக்கைகள் இரண்டு. ஒன்று, சோதனைப் பெட்டிகளை இன்னும் சில வாங்கவும் காலாவதியானவற்றை மாற்றவும் ஒப்புதல். மற்றொன்று, நுண்ணோக்கி ஒன்று வாங்க ஒப்புதல். செவுள் புழுவையும் தோல் புழுவையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாமல் இந்த ஆண்டு பலமுறை ஊகத்தில் மருந்து போட்டோம். அதைத் தொடர எனக்கு மனமில்லை.

நோட்டில் மறைக்காமல் எழுதிய ஒவ்வொருவருக்கும், குறிப்பாகச் செத்துப்போன மீனைப் பற்றியும் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு, என் நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்