இன்னும் 14,600 டாலர் பாக்கி, பெசாக்கிற்கு மூன்றே வாரம்

சபையார் எல்லாருக்கும் ஷாலோம்.

சுற்றி வளைக்கவில்லை. உலக வறுமை நிவாரண நிதிக்கு இந்த ஆண்டு 36,000 டாலர் தருவதாக நம் ஜெப ஆலயத்தின் பெயரில் வாக்குக் கொடுத்தோம். வந்திருப்பது 21,400. மீதி, எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் நம் பெசாக் பண்டிகையின் முதல் இரவுக்குள் சேர்ந்தாக வேண்டும். பணம் போவது அமெரிக்கன் ஜூயிஷ் வேர்ல்ட் சர்வீஸுக்கு. 1985இல் நம் பாஸ்டனிலேயே தொடங்கியது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் உள்ளூர் மக்களே நடத்தும் அமைப்புகளுக்கு நிதி தருகிறது.

நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி வந்து, வாடகைக்கே திண்டாடிய காலத்திலும் சமையலறையில் புஷ்கே உண்டியல் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்கு முன் அதில் ஒரு காசாவது விழும். 1914 ஆகஸ்டில், துருக்கியில் அமெரிக்கத் தூதராக இருந்த ஹென்றி மார்கெந்தாவ், பாலஸ்தீனத்து யூதர்கள் பட்டினியில் இருக்கிறார்கள், 50,000 டாலர் வேண்டும் என்று நியூயார்க்கிற்குத் தந்தி அடித்தார். அந்தக் காலத்து 50,000! அதுவும் போய்ச் சேர்ந்தது. பெரியவர்கள் இந்தக் கதையைச் சொல்லாத பண்டிகை இல்லை. சரி, அவர்கள் கொடுத்தார்கள், நாம்?

"அன்று பசித்தவர்கள் நம்மவர்கள், இது யாருக்கோ" என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழாமல் இல்லை. உன் ஊர் ஏழைக்கு முதலில் கொடு என்று நம் சட்ட நூலான தல்மூது சொல்வது உண்மைதான். அதனால்தான் ஏழைகளின் பண்டிகைச் செலவுக்கான பெசாக் மாவுக்காசைத் தனியாக வசூலித்து இந்த ஊர்க் குடும்பங்களுக்கு முதலிலேயே கொடுத்தாயிற்று, அதில் ஒரு சென்ட் தொடவில்லை. ஆனால் முதலில் என்று ஒருவர் இருந்தால் அடுத்து ஒருவர் இருப்பார் அல்லவா? சமாதானத்தின் பொருட்டு யூதரல்லாத ஏழைகளையும் நம் ஏழைகளோடு சேர்த்தே தாங்க வேண்டும் என்பதும் அதே தல்மூதுதான். உலக வங்கிக் கணக்கில் நாளுக்கு 3 டாலர்கூட இல்லாதவர்கள் 80 கோடிக்கு மேல். கொடையைக் குறிக்க நாம் சொல்லும் செதாக்கா என்ற எபிரேயச் சொல்லின் வேர் நீதி. தானம் செய்கிறோம் என்று யாரும் நிமிர்ந்து நடக்க வேண்டாம், கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் கொடைக்குச் சொன்ன எட்டுப் படிகளில் மேல்படி, ஒருவர் மறுபடி கையேந்தாதபடி கடனோ வேலையோ தொழில்கூட்டோ கொடுப்பது.

வந்த 21,400க்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வியாழன் இரவெல்லாம் ஹாலா ரொட்டி பின்னிச் சுட்டு விற்ற பெண்களுக்கு, பாத் மிட்ஸ்வா என்ற பருவச் சடங்கில் கிடைத்த பரிசுப் பணத்தில் பாதியைத் தானாகவே கொண்டுவந்து கொடுத்த அந்தக் குட்டிப் பெண்ணுக்கு, ஓய்வூதியத்தில் மாதம் தவறாமல் 18 டாலர் தரும் முதியவருக்கு (பெயர் போட்டால் நிறுத்திவிடுவேன் என்கிறார், போடவில்லை), எங்கள் மனமார்ந்த நன்றி.

மற்றவர்கள் 18, 36, 180, 'ஹாய்' கணக்கில் (உயிர் என்று பொருள்படும் இந்த எபிரேயச் சொல்லின் எண் மதிப்பு 18) எதுவானாலும் தரலாம். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று ஞானிகள் எல்லை போட்டிருக்கிறார்கள். அந்த எல்லைப் பக்கம் இதுவரை யாரும் போனதாகத் தெரியவில்லை என்கிறார் பொருளாளர்.

பசித்தவர் எல்லாரும் வந்து சாப்பிடட்டும் என்று பெசாக் இரவில் மேசை முன் உட்கார்ந்து சொல்லப்போகிறோம், வாசல் கதவைச் சாத்திக்கொண்டு.

காசோலையை ஞாயிறு முதல் வெள்ளி நண்பகல் வரை அலுவலகத்தில் கொடுக்கலாம். சனிக்கிழமை பணத்தைத் தொடக் கூடாத ஓய்வுநாள், தயவுசெய்து யாரும் பணம் கொண்டுவர வேண்டாம். போன வாரம் ஒருவர் ஆர்வத்தில் கொண்டுவந்துவிட்டார், நம் மதகுரு ரப்பி பார்க்காதது போல இருந்துவிட்டார்.

நிதிக் குழு