கரையோர மிதிவண்டிப் பாதைகள்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். இந்த அறிக்கை முழுவதும் பாதைகளைப் பற்றியது.

நம் பாதைகளுக்கு நாள் குறிப்பது, இந்த ஆறுகளுக்குத் தண்ணீர் விடும் மேட்டூர் அணை. வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். 2024-இல் அணையில் நீர் போதாமல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். விவசாயிகளுக்கு அது பெரும் இழப்பு. குறுவை தவறிய வருத்தம் கரையோர ஊர்கள் எல்லாவற்றிலும் தெரிந்தது. கூடுதலாக ஆறு வாரம் கரைகள் காய்ந்து கிடந்ததை நமக்குக் கிடைத்த ஆதாயமாக எழுத மனம் வரவில்லை. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலையொட்டிக் கொட்டிய மழைக்குப் பிறகு, களிமண் கரைகள் எதிலும் உறுப்பினர்கள் இறங்க வேண்டாம் என்று அறிவித்தோம். மழையில் ஊறிய கரையில் சக்கரம் பதித்த தடம் காய்ந்ததும் வரப்பு மாதிரி இறுகிவிடும். அடுத்த ஆறு மாதத்துக்கு எல்லோரையும் அது உலுக்கும்.

நாம் அதிகம் பயன்படுத்தும் இரண்டு கரைகளும் கல்லணையில்தான் தொடங்குகின்றன, ஆனால் மண் வேறு. 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த புது ஆறு மனிதர் வெட்டிய கால்வாய். மேட்டு நிலத்தை ஒட்டி வருவதால் அதன் கரையில் பெரும்பகுதி செம்மண் கிராவல், அதாவது சரளை கலந்த மண். மழை விட்டு இரண்டு வெயில் கண்டால் சக்கரம் தாங்கும். வெண்ணாற்றங்கரை, தென்பெரம்பூர் வரை, வண்டல் மண். அது காய ஒரு வாரம் ஆகும். அவசரப்பட்டு இறங்கினால் மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் திணிந்து, சக்கரம் சுற்றாமலே நின்றுவிடும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி வேண்டும். மண்ணை வழிக்க ஒரு மூங்கில் சிம்பும் கூடவே இருக்கட்டும்.

ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை கல்லணையிலிருந்து தஞ்சையை நோக்கி வருவதே முறை. காலையில் தஞ்சையில் புறப்பட்டுப் போகிறவர்கள் போகும்போதே களைத்துவிடுகிறார்கள்.

கிராவல் பாதை என்றதும் விலையுயர்ந்த வண்டி வேண்டுமோ என்று புதியவர்கள் தயங்குகிறார்கள், வேண்டியதில்லை. நம் பழைய ரோட்ஸ்டர் சைக்கிளின் 28×1½ டயர் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலம். கிராவல் வண்டிகளில் வரும் டயரும் பெரும்பாலும் அதே அகலம்தான். காற்றை மட்டும் கவனியுங்கள். 40 மி.மீ. டயருக்கு, 70 கிலோ எடையுள்ளவர், டியூப் இருந்தால் காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ வரை வைக்கலாம். டியூப்லெஸ் என்றால் முன்னால் 30, பின்னால் 35 போதும். தார்ச்சாலைக்கு அடிப்பதுபோலக் கல்லாக அடித்தால் சரளையில் வண்டி துள்ளும், திருப்பத்தில் வழுக்கும். மிகவும் குறைத்தால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும். முள் இல்லாமலே காற்று இறங்கினால் முதலில் காற்றடிக்கும் வால்வின் மேல் மாட்டும் வால்டியூபைப் பாருங்கள். நம் வெயிலுக்கு அந்தச் சிறு ரப்பர் இளகி வெடித்துவிடும். இரண்டு வால்டியூப் எப்போதும் பையில் இருக்கட்டும்.

முள்தான் இந்த ஆண்டும் பெரிய தொல்லை. மாசி முதல் வைகாசி வரை கரை ஓரங்களில் நெருஞ்சி காய்ந்து கிடக்கும். அது குட்டை முள். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம், நாம் பால் என்பது, அந்த ஓட்டையை அடைத்துவிடும். 40 மி.மீ. டயருக்கு 60 மில்லி பால் ஊற்ற வேண்டும். நம் வெப்பத்தில் இரண்டு மாதத்தில் அது காய்ந்து தோலாகிவிடுவதால் மறுபடி ஊற்ற வேண்டியிருக்கிறது. சீமைக்கருவேல முள் நீளமானது, செருப்பையே துளைக்கும். டியூப் வண்டியில் முள்ளைப் பிடுங்கிப் பஞ்சர் ஒட்டியபின், டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்காமல் மாட்டாதீர்கள். ஒட்டிய கால் மணி நேரத்தில் மறுபடி பஞ்சர் ஆனவற்றில் பெரும்பாலானவை ஒடிந்து உள்ளேயே தங்கிய முள்முனையால் வந்தவை. சொல்யூஷனைத் தடவியதும் ஒட்டக் கூடாது. ஐந்து நிமிடம் காயவிட்டு, விரலில் பிசுக்கு ஒட்டாதபோது பேட்சை அழுத்துங்கள்.

அறுவடைக் காலத்தில் வைக்கோல் இன்னொரு சிக்கல். ஒரு பிரி சங்கிலியோடு போய்ப் பின் ஃப்ரீவீலில் சுற்றிக்கொண்டால், கியர் வண்டியில் சங்கிலியைப் பல் மாற்றும் டெரெய்லர் முறியும். சரசர என்று சத்தம் கேட்டதும் மிதிப்பதை நிறுத்தி இறங்குங்கள். வாத்துக் கூட்டம் கரையைக் கடக்கும்போதும், நெல் காயும் இடத்திலும் இறங்கித் தள்ளிப் போவது நம் சங்கத்தின் விதி. கரை முதலில் விவசாயிகளுக்கும் வாத்து மேய்ப்பவர்களுக்கும் உரியது.

பராமரிப்புப் பணி பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கேஜ் வீல் எனும் சேற்றுழவு இரும்புச் சக்கரம் போட்ட டிராக்டர் ஏறிய இடங்களில்தான் பள்ளம் அதிகம். சென்ற ஆண்டு பள்ளத்தில் கிராவலைக் கொட்டிவிட்டு வந்தோம். ஒரே வாரத்தில் கல்லெல்லாம் இரண்டு பக்கமும் தெறித்துப் பள்ளம் பழையபடி ஆனது. இந்த ஆண்டு முறையை மாற்றினோம். பள்ளத்தின் ஓரத்தை மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டி, இளகிய மண்ணை வாரி, அடியில் தண்ணீர் தெளித்து, நான்கு அங்குலத்துக்கு ஒரு படியாகக் கிராவல் போட்டு ஒவ்வொரு படியையும் திமிசால், அதாவது மண்ணை இறுக்கும் கனமான இடிகட்டையால், குத்தினோம். நனைத்த கிராவலைக் கையில் பிடித்தால் கொழுக்கட்டைபோல நிற்க வேண்டும். உதிர்ந்தால் களி போதாது, திமிசில் ஒட்டினால் தண்ணீர் அதிகம். கடைசிப் படி சுற்றிலும் உள்ள தரையைவிட ஓர் அங்குலம் உயர்ந்திருக்கட்டும், பிறகு தானாக அமரும். நீர்வளத் துறை அலுவலரின் அனுமதியோடு மேல்தளத்தில் மட்டுமே வேலை செய்தோம். கரைச் சரிவிலிருந்து ஒரு சட்டி மண்கூட எடுக்கவில்லை, இனியும் எடுக்கக் கூடாது. மதகுகளை ஒட்டிய அரிப்பு நம் கைக்கு அடங்காது. அவற்றைப் படத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

பாதுகாப்பில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். புது ஆற்றில் கான்கிரீட் போட்ட பகுதிகளில் சரிவு பாசி பிடித்து வழுக்கும். விழுந்தவர் நீச்சல் தெரிந்தாலும் தானாக ஏற முடியாது. கை கழுவக்கூடப் படித்துறை இல்லாத இடத்தில் இறங்காதீர்கள். தண்ணீர் ஓடும் மாதங்களில் குழந்தைகள் வயல் பக்கமாகவே வர வேண்டும். குழுவுக்கு ஒரு பத்து மீட்டர் நைலான் கயிறு கட்டாயம்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள். முதலாவது, மேட்டூர் திறப்பதற்கு முன்பே பள்ளம் அடைக்கும் பணி முடியும்படி மே மாத ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாவற்றையும் அதற்கே ஒதுக்குவது. இரண்டாவது, மேலும் இரண்டு திமிசும் ஒரு தண்ணீர் டிரம்மும் வாங்குவது. சென்ற முறை குடத்தில் தண்ணீர் சுமந்தே பாதி நேரம் போனது.

செயலாளர்