தோட்டத்து வரலாற்றை விளையாட்டாக்கட்டும் நம் பிள்ளைகள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் கைவிடப்பட்டபோது, பிள்ளைகள் தாமே தேடிப் படிக்கவும் சொந்தச் சொற்களில் எழுதவும் இனி நேரம் கிடைக்குமென்று பெற்றோர் பலர் எதிர்பார்த்தோம். ஆனால், இணையத்தில் அகப்பட்டதை அச்செடுத்து மணிலா அட்டையில் ஒட்டுவதே இன்றும் பல பிள்ளைகளுக்கு ஆய்வாக இருக்கிறது. இதற்கு மாற்றாக, நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் குழுக்களாகச் சேர்ந்து நம் வட்டாரத்தைப் பற்றிய பலகை விளையாட்டு ஒன்றைத் தாமே உருவாக்க ஒரு தவணை இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எலிசபெத் மேகி என்னும் அமெரிக்கப் பெண்மணி 1904இல் காப்புரிமை பெற்ற விளையாட்டு, நில வாடகை உடைமையாளரை வளர்த்துக் குடியிருப்போரை எவ்வாறு நலிவடையச் செய்கிறது என்பதை விளக்கவே உருவானது. பின்னாளைய மோனோபோலிக்கு அதுவே மூலம். நிலம் கைமாறினால் தொழிலாளி என்ன ஆவான் என்பது நம் ஊருக்கும் தெரியும். பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்த, அந்நாளில் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் நம் ஊர்க்காரரே அல்லவா? இதைவிட நல்ல பொருள் பிள்ளைகளுக்கு வேறெங்கே கிடைக்கும்?

சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டு அஞ்சடியில் (முன் நடையில்) சில பிள்ளைகள், ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டும் ஒரு நாளை விளையாட்டாக்கினார்கள். விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் தொடங்கி, மங்கில் (மரத்துக் கிண்ணத்தில்) வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுக்கும்வரை கட்டங்கள் சென்றன. மழை பெய்தால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டைவிட்டு வழிந்து வீணாகும் என்று, தோட்டத்தில் வேலை செய்த பாட்டிமார் இருவர் சொன்னார்கள். அன்றைய சம்பளத்தைப் பற்றியோ ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான், இருவர் சொன்னதும் அவரவர் காலத்துக்குப் பொருந்தும் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்தது. சான்றை ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சி அங்கே தானாகவே நடந்தது.

எழுத்துப் பயிற்சிக்கு இதில் இருக்கும் வாய்ப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். "மழை வந்தால் திரும்பிப் போக வேண்டும்" என்றுதான் முதலில் விதி எழுதினார்கள். வேறு பிள்ளைகள் விளையாடியபோது, எங்கே திரும்புவது, சேர்த்த பால் என்னாவது என்று சச்சரவு மூண்டது. எழுதிய சிறுமி வாயால் விளக்க முயன்றாள். எழுத்தில் உள்ளது மட்டுமே செல்லும் என்றோம். அவள் உட்கார்ந்து, "மழைக் கட்டத்தில் காய் நின்றால், சேர்த்த பாலில் பாதியை இழந்து, அடுத்த முறை பகடை உருட்டாமல் இருக்க வேண்டும்" என்று திருத்தினாள். ஆசிரியரின் சிவப்பு மையால் இத்தகைய தெளிவை அத்தனை எளிதில் வரவழைக்க முடியாது.

ஆகவே, வாரத்தில் இரண்டு பாடவேளைகளை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு வகுப்பு எழுதும் விதிகளை, எழுதியவர்கள் அருகில் இல்லாமல் மற்றொரு வகுப்பு விளையாடிச் சோதிக்கட்டும். பழைய தோட்டத் தொழிலாளர்களைப் பள்ளிக்கு அழைத்துவரும் பொறுப்பைப் பெற்றோராகிய நாங்கள் ஏற்கிறோம். அட்டையும் பகடையும் போதும்; விலைகொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் பெற்றோர் ஒருவர்