என் கால்களை மிதிக்க வைத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

நேற்று மின்தூண்டல் மிதிவண்டியில் நிற்காமல் முப்பது நிமிடம் பெடல் மிதித்தேன். ‘மிதித்தேன்’ என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. தண்டுவடம் அடிபட்டது ஐந்தாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில். அதற்குக் கீழே எனக்கு உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. தொடையிலும் பிட்டத்திலும் ஒட்டிய பட்டைகள் வழியே மின்சாரம் போகிறது, தசை சுருங்குகிறது, கால் மிதிக்கிறது. நான் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன். ஆனால் மூச்சு வாங்குவது எனக்குத்தானே? அந்த உரிமையில் ‘மிதித்தேன்’ என்றே இருக்கட்டும்.

பிசியோ அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. “நடக்கலாம் என்று நினைத்து வந்திருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன், இது அதற்கு இல்லை” என்றுதான் ஆரம்பித்தீர்கள். அன்று உங்கள் மேல் எனக்கு ஒரே கோபம். அதற்கு முன் போன இடத்தில் ஆறே மாதத்தில் எழுந்து நிற்கலாம் என்று ஆசை காட்டிப் பணம் வாங்கியிருந்தார்கள். நீங்கள் சொன்னதோ இவ்வளவுதான்: வற்றிய தசை ஓரளவு திரளும், காலுக்கு இரத்த ஓட்டம் கூடும், இதயத்துக்கு வேலை கிடைக்கும், எலும்பு விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். வண்டியில் ஏற்றும் முன் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கவைத்தீர்கள். வருடக்கணக்கில் எடை தாங்காத எலும்பு, தன் தசையே இழுத்தாலும் முறியலாமாம். அப்புறம் கீழ் நரம்புகள் பிழைத்திருக்கின்றனவா என்று பார்த்தீர்கள். தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போகும் நரம்பே செத்திருந்தால் இந்தக் கருவி உதவாது. “இரவில் கால் வெட்டி வெட்டி இழுக்கிறதா? நல்லது, அந்த நரம்பு உயிரோடு இருக்கிறது” என்றீர்கள். என் தூக்கத்தைக் கெடுத்த இழுப்பைப் பாராட்டிய முதல் ஆள் நீங்கள்தான்.

முதல் நாள் ஓடியது நாற்பது நொடி. அதோடு கால்கள் தொய்ந்துவிட்டன, மீதியை மோட்டார்தான் சுற்றியது. ஏன் இவ்வளவு சீக்கிரம் களைக்கிறது என்று கருவியைச் சரிசெய்யும் தம்பிதான் விளக்கினார். மூளை வேலை வாங்கினால், எளிதில் களைக்காத சிறிய இழைகளை முதலில் எழுப்பும், மற்றவற்றை முறைபோட்டு மாற்றி மாற்றிக் கூப்பிடும். மின்சாரத்துக்கு அந்த நயம் கிடையாது. அதே இழைகளை, எல்லாவற்றையும் ஒரே நொடியில், திரும்பத் திரும்ப அடிக்கும். தம்பி, நீங்கள் அதோடு விடவில்லை. மின்சாரம் பாய்ந்த பிறகு தசை விசை கூட்டுவதற்குள் பெடல் கொஞ்ச தூரம் போய்விடுகிறது என்று கண்டுபிடித்து, தூண்டல் தொடங்கும் கோணத்தை முன்னால் தள்ளினீர்கள். இருக்கையை இரண்டு விரல்கடை நகர்த்தினீர்கள். அன்றுதான் உச்சிக்கு வரும்போதெல்லாம் தடுக்கி நின்ற சுற்று வழுக்கிக்கொண்டு போனது. இப்போது 12 வாட் எட்டுகிறேன். ஒரு சின்ன எல்இடி பல்புக்குப் போதும். சிரிக்காதீர்கள், எல்லாம் என் தொடையில் விளைந்தது!

என் தங்கச்சிக்கு என்ன எழுதுவது? பட்டை ஒட்டுவது, கழற்றிய பின் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவள்தான். சுட்டாலும் எனக்குத் தெரியாது, அவள் கண்ணுக்குத்தான் தெரியும். மூன்றாம் மாதம் ஒருநாள் ஓட்டத்தின் நடுவே தலை வெடிப்பதுபோல் வலித்தது, முகம் வியர்த்துக் கொட்டியது. என் மட்டத்தில் அடிபட்டவர்களுக்கு, கீழே ஏதாவது தொந்தரவு இருந்தால் இரத்த அழுத்தம் கண்மண் தெரியாமல் ஏறும். நான் களைப்பு என்று நினைத்தேன். நீ கருவியை நிறுத்தினாய், என்னை நிமிர்த்தி உட்காரவைத்தாய், இடுப்புப் பட்டையைத் தளர்த்தினாய், தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்த சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டாய். சில நிமிடங்களில் வலி இறங்கியது. அன்று நீ பதறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

எனக்கு முன் அதே வண்டியில் ஓட்டிய பெரியவருக்கும் நன்றி. 2016இல் சூரிச்சில் நடந்த, மாற்றுத்திறனாளிகள் தொழில்நுட்பக் கருவிகளின் துணையோடு மோதும் சைபத்லான் போட்டியில், எங்களைப் போன்றவர்கள் இதே மின்தூண்டலோடு 750 மீட்டர் ஓட்டிய கதையை அவர்தான் சொன்னார். வென்றவருக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனதாம். அதைக் கேட்ட பிறகுதான் என் நாற்பது நொடியை நான் மதிக்கத் தொடங்கினேன்.

1980களின் தொடக்கத்தில் ஒஹாயோவின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இந்த வகை மிதிவண்டியில் உழைத்த ஜெரால்ட் பெட்ரோஃப்ஸ்கியும் கூட்டாளிகளும் இந்த மடலைப் பார்க்கப்போவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் கல்வானி என்ற இத்தாலிய விஞ்ஞானியின் மேசையில் மின்சாரம் பட்டுக் கால் உதறிய தவளைகளும்தான். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

பெரியவரே, நீங்கள் கொடுத்த ஸ்டாப்வாட்ச் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாற்பத்தைந்து நிமிடம் ஓட்டிவிட்டுத் தருகிறேன். தங்கச்சி, பட்டைகளில் பசை போய்விட்டது, வியாழக்கிழமைக்குள் புதிதாக வாங்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மிதிவண்டிக்காரன்